பண்ணை இறாலில் பாதரசம் இருக்கா? கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

"இறால்ல பாதரசம் இருக்கு, மாசமா இருக்கும்போது தொடாதே!" பல வீடுகளில் கேட்கும் அறிவுரை இது. உண்மை என்ன?

பாதரசம் எப்படி வருது?
நிலக்கரி புகை, ஆலைக் கழிவு வழியாக நீரில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் மெர்குரியாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் அளவு கூடிக்கொண்டே போகும்.

பண்ணை இறால் எப்படி?
வனாமி இறால் சுமார் 4 மாதத்தில் அறுவடையாகிவிடும். பாதரசம் அதிகம் சேர நேரமில்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கணக்கில் இறாலில் சராசரி 0.009 பிபிஎம், சுறாவில் 0.979. நூறு மடங்குக்கும் மேல்!

அப்போ பயமே வேண்டாமா?
தண்ணீர்தான் முக்கியம். மட்டி, ஆளி போன்றவை நீரை வடிகட்டி உண்பவை. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு கலந்த விரிகுடாவின் மீன், சிப்பி சாப்பிட்டவர்களுக்கு நரம்பு பாதிப்பு வந்தது 1956-ல் தெரியவந்தது. அறிகுறி பெரிதாக இல்லாத தாய்மார்களுக்கும் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. அதனால் ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் எடுத்த மட்டி வேண்டாம்.

எவ்வளவு சாப்பிடலாம்?
கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இறால் போன்ற பாதரசம் குறைந்த கடலுணவை வாரத்துக்கு 2-3 முறை, மொத்தம் சுமார் 225 முதல் 340 கிராம் சாப்பிடலாம் என்கிறது எஃப்.டி.ஏ.

பால் ஊறும்னு சுறா புட்டு கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். ஆனால் இவர்கள் தவிர்க்க வேண்டிய பட்டியலில் சுறாவும் இருக்கு.

கழுவினா போயிடுமா?
போகாது. பாதரசம் சதையோடு ஒட்டியிருப்பதால், வேகவைத்தாலும் பொரித்தாலும் குறையாது. எதை வாங்குறோம், எங்கிருந்து வருதுன்னு கேட்பதுதான் பாதுகாப்பு.