35-க்குப் பிறகு குழந்தை: முன்கூட்டியே வரும் மாதவிடாய் சொல்லும் சேதி

"மாதாமாதம் தவறாமல் வந்துவிடுகிறது டாக்டர், பிறகு ஏன் தங்கவில்லை?" 35 வயதைக் கடந்து முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்கள் பலர் கேட்கும் கேள்வி இது. படிப்பு, வேலை, வீட்டுப் பொறுப்பு, தள்ளிப்போன திருமணம் என்று தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதற்காக அவர்களைக் குறை சொல்வது அநியாயம். அதேபோல, உடலில் நடப்பதைச் சொல்லாமல் "எல்லாம் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைப்பதும் தவறு.

சுழற்சி ஏன் குறுகுகிறது?

இருபதுகளில் 29, 30 நாளுக்கு ஒருமுறை வந்த மாதவிடாய், முப்பதுகளின் பிற்பாதியில் 26, 25 நாளிலேயே வரத் தொடங்கலாம். மாதம் தவறவில்லை என்பதால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. பெண் குழந்தை பிறக்கும்போது சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். 37 வயதில் சுமார் 25,000 மிஞ்சும். இருப்பு குறையக் குறைய, பிட்யூட்டரி சுரப்பி முட்டையை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டை சீக்கிரம் முதிர்ந்து வெளிவந்துவிடுகிறது. அதன்பின் மாதவிடாய் வரை செல்லும் ஏறக்குறைய 14 நாட்களில் பெரிய மாற்றம் இல்லை. சுருங்குவது முன்பாதிதான்.

இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் '14-ஆம் நாள்' என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 25 நாள் சுழற்சியில் 11-ஆம் நாளை ஒட்டியே முட்டை வெளிவந்துவிடும். அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ கருப்பைப் பாதையில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே 7-ஆம் நாளிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பதி சேர்ந்திருப்பது நல்லது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் விடுப்பு எடுப்பதாக இருந்தால் இந்த நாட்களில் எடுக்கட்டும்.

ஏ.எம்.எச். குறைவு என்றால்?

ரத்தத்தில் ஏ.எம்.எச். அளவு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் இடிந்துபோகிறவர்கள் உண்டு. அது முட்டை இருப்பைக் காட்டும் அளவு. இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதற்கான தீர்ப்பு அல்ல. வயதோடு குறைவது முட்டையின் தரமும்தான். குரோமோசோம் பிழைகள் கூடுவதால் கரு தங்குவது கடினமாகிறது, கருச்சிதைவும் அதிகமாகிறது. சொந்த முட்டையில் செய்யும் ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப்) சிகிச்சையாலும் இந்தத் தரத்தை மாற்ற முடியாது. "கடைசியில் டெஸ்ட் டியூப் இருக்கிறதே" என்று ஆண்டுகளைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

35-க்குள் என்றால் ஓராண்டு முயன்று பார்க்கலாம். 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலோ, இடையில் ரத்தம் பட்டாலோ, சுருண்டு படுக்கவைக்கும் வலி இருந்தாலோ எந்த வயதிலும் உடனே போங்கள். தைராய்டு, நீர்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்றவை காரணமாக இருக்கலாம். கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்குவதும் அவசியம்.

கணவருக்கும் சேர்த்தே

மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் பக்கம் பேச்சே வருகிறது பல வீடுகளில். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வியும் மருமகளிடமே போகிறது. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. மருத்துவரைப் பார்க்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே செய்துவிடலாம். அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். கணவர் இன்று புகையிலையை நிறுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதம் வேண்டும் என்பதால், அவர் பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மனைவியின் கணக்கிலிருந்தே கழிகிறது.