முறிந்த முருகையை ஒட்டுதல்



நெடுந்தீவுக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள வேலிகளை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலிகள் அல்ல அவை. முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து இல்லை. ஒவ்வொரு கல்லும் தன் பாரத்தினாலும், அயற்கல்லின் முரட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டுமே நிற்கின்றது. யாழ்ப்பாணக் கோட்டையிலோ நிலைமை வேறு. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டத் தொடங்கி, 1658 இன் பின்னர் ஒல்லாந்தர் திருத்தி விரித்த அக்கோட்டையிலும் முருகைக்கல் உண்டு. ஆயினும் அங்கே கற்களைச் சுண்ணாம்புச் சாந்து பிணைத்து நிற்கின்றது.

இவ்விரண்டும் உயிரற்ற முருகையைப் பொருத்தும் வழிகள். கடலடியில் உயிரோடிருக்கும் முருகை முறிந்து வீழ்ந்தால் அதனை மீண்டும் பாறையோடு பொருத்துவது எவ்வாறு? எந்தப் பசை நீரினுள் ஒட்டும்? அப்பசை அவ்வுயிருக்குத் தீங்கு செய்யாதா? இவற்றையே இன்று சிறிது ஆராய்வோம்.

முருகை என்பது கல் அன்று. கல்லை ஆக்கும் பிராணி. ஊசிமுனை அளவிலிருந்து விரல்முனை அளவுவரையுள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று இணைந்து வாழும் குடியிருப்பே ஒரு முருகை. அவற்றின் இழையங்களுள் நுண்ணிய அல்காக்கள் தங்கிச் சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிக் கொடுக்கின்றன. முருகை கடல்நீரிலுள்ள கல்சியத்தைப் பிரித்தெடுத்துத் தனக்கு அடியிற் கல்சியங் காபனேற்றாகப் படியவைக்கின்றது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் புழு நீரில் நீந்தித் திரிந்து, தக்க பாறை ஒன்றைக் கண்டதும் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அதற்கு இடப்பெயர்ச்சி கிடையாது. அதன் அத்திவாரத்தை அதுவே இட்டுக்கொள்கின்றது.

இதிலிருந்து முதலாவது விதி பிறக்கின்றது. நாம் இடும் பசை முருகையை நெடுங்காலம் தாங்குவதற்கானது அன்று. முறிவு நெரிவு வைத்தியர் கையிற் கட்டும் மட்டை எத்தகையதோ அத்தகையதே இதுவும். எலும்பைப் பொருத்துவது மட்டை அன்று. எலும்பு தானாகவே பொருந்தும்வரை அதனை அசையாமல் வைத்திருப்பதே மட்டையின் வேலை. முருகைத் துண்டும் அசையாது நின்றால், சில கிழமைகளில் அல்லது சில மாதங்களில் தன் இழையத்தைப் பசையின்மேலும் பாறையின்மேலும் பரப்பித் தானே சுண்ணாம்பை இட்டு வேரூன்றிவிடும். அசைந்துகொண்டிருந்தாலோ, புதிதாக வளரும் மெல்லிய விளிம்பு ஒவ்வோர் அலையிலும் பாறையோடு உராய்ந்து தேயும். மணலிற் புரளும் துண்டு ஈற்றில் மாண்டுபோகும்.

இனி, பசைகளைப் பார்ப்போம். பொதுக் காட்சிசாலைகளின் கடல்நீர்த் தொட்டிகளிலும், முருகை வளர்ப்போரிடத்திலும் மிகுதியாக வழங்குவது சயனோவக்கிரிலேற்று என்னும் பசை. கடைகளில் ‘சுப்பர் குளூ’ என்று நாம் கேட்டு வாங்குவது இதுவே. 1942 இல் அமெரிக்காவிற் கொடாக் நிறுவனத்தைச் சார்ந்த கூவர் என்னும் இரசாயனவியலார், துப்பாக்கிக் குறிகாட்டிக்கான தெளிந்த பிளாத்திக்கைத் தேடுகையில் இதனை எதிர்ப்பட்டார்; தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் அப்பொழுது வேண்டாமென்று ஒதுக்கிவைத்தார். 1958 இலேயே அது பசையாக விற்பனைக்கு வந்தது. பெரும்பாலான பசைகள் உலர்ந்து இறுகுவன. இதுவோ ஈரத்தைத் தொட்டவுடன் இறுகுவது. ஆதலினாலேயே நீருக்குள் வேலை செய்கின்றது. பின்னாளில் காயங்களை மூடும் வைத்தியப் பசையாகவும் இதன் இனங்கள் பயன்பட்டன.

ஆயினும் நீர்போல் ஓடும் வகை இதற்கு உதவாது. கூழ்போன்று தடித்த வகையே வேண்டும். பிரயோகிக்கும் முறையும் முக்கியமானது. முருகைத் துண்டின் அடிப்பாகத்தை, அதாவது உயிரிழையம் இல்லாத வெறுங்கல்லை, தூய தாளினால் ஒற்றி ஈரத்தை அகற்றுக. பாறையிற் பாசியும் சேறும் இருந்தால் தூரிகையாற் சுரண்டுக. பாசியில் ஒட்டிய பசை பாசியோடு கழன்றுவிடும். அடியில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு பசையை இட்டு நீருள் அமிழ்த்தினால், அதன்மேல் உடனே வெண்மையான தோல் ஒன்று படரும். அத்தோலை உடைத்தாலன்றி உள்ளிருக்கும் பசை பாறையைத் தொடமாட்டாது. ஆகவே துண்டைப் பாறையில் வைத்து மெல்லத் திருகி அழுத்தி, இருபது முப்பது விநாடி அசையாது பிடித்திருக்க வேண்டும். நீரோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதும் நன்று. உயிரிழையத்தின்மேற் பசை பட்டால் பட்ட இடம் மாண்டுபோகும்.

சயனோவக்கிரிலேற்றுக்கு ஒரு குறையும் உண்டு. இறுகியபின் அது நொறுங்குந் தன்மையது. இடைவெளியை நிரப்பும் ஆற்றலும் அதற்குக் குறைவு. பாரமான முருகையை அதுமட்டும் தாங்காது. அங்கேதான் எப்பொக்சிக் களி துணைக்கு வருகின்றது. இரு கூறுகளைச் சமஅளவிற் பிசைந்தால் அவை இரசாயனமுறையாற் சேர்ந்து, வெப்பத்தை வெளிவிட்டுக் கல்லாக இறுகும். களி ஈரப்பாறையில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனாற் பாறையின் குழிகளுட் புகுந்து பிடித்துக்கொள்ளும். ஆகையால் அனுபவசாலிகள் இரண்டையும் சேர்த்தே கையாளுவர்: களி உருண்டையின் இருபுறமும் பசையைத் தடவி, ஒருபுறம் முருகையையும் மறுபுறம் பாறையையும் பொருத்துவர். பசை விரைவாகப் பற்றும். களி இடத்தை நிரப்பித் தாங்கும். சிறிய தொட்டியில் ஒரே நாளில் நிறையக் களியை இட்டால் நீர் கலங்கும். நுரைநீக்கும் கருவி பொங்கிவழியும். சிறிது சிறிதாக இடுவதே தக்கது.

மூன்றாவது, சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இலிருந்து 1990 வரை நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லைக் கொண்டே இயங்கியது என்பதை நேயர்கள் அறிவீர்கள். சீமெந்து நீருள்ளும் இறுகும், விலையும் குறைவு. ஆனால் புதுச் சீமெந்து கடுங்காரமுடையது. சிறு தொட்டியில் அதனை இட்டால் நீர் காரமாகி உயிர்கள் வாடும். பல கிழமைகள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பின்பே சீமெந்துக் கல்லைத் தொட்டியில் இடலாம். பரந்த கடலில் அக்காரம் விரைவில் கரைந்து நீங்குவதால், அங்கே சீமெந்துக்கு மதிப்பு அதிகம்.

மென்முருகைகள் வழவழப்பான கோழையைச் சுரப்பன. அவற்றில் எப்பசையும் நிலையாது. சிறு கல்லோடு வலையாலோ நூலாலோ தளரக் கட்டிவைத்தாற் சில நாட்களில் தாமே பற்றிக்கொள்ளும். பொத்தான்போற் படரும் சில இனங்களில் பாலித்தொட்சின் என்னுங் கொடிய நஞ்சு உண்டு. அவற்றைக் கையாளுவோர் கையுறையும் கண்ணாடியும் அணியவேண்டும். அவை படிந்த கல்லைக் கொதிநீரில் இடவே கூடாது.

தொட்டியிற் கற்ற பாடம் கடலுக்கும் பயன்படுமா? நமக்கு எதிர்க்கரையில் இதற்கு விடை உண்டு. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியிற் பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமென முருகைக்கற்களை வெட்டியெடுத்தனர். பாறைகள் குறைந்தன, அலையை மறிக்கும் அரண் குறைந்தது, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், முறிந்த துண்டுகளைச் சீமெந்துப் பலகைகளிற் பிணைத்துக் கடலடியில் வைத்து வளர்த்து வருகின்றனர்.

நம் கரையிலும் இழப்பதற்கு நிறைய உண்டு. குடாநாட்டைச் சூழ்ந்த முருகைப் பாறைகளில் நடத்திய ஆய்வொன்று 2021 இல் வெளியாயிற்று. 123 இனங்கள் அதிற் கணக்கிடப்பட்டன. அவற்றுள் 36 இனங்கள் இலங்கையில் அதற்குமுன் பதிவாகாதவை. போர்க்காலத்தில் ஆராய்ச்சியாளர் அணுகாதிருந்த கடல், நமக்கே தெரியாத செல்வத்தைக் காத்து வைத்திருந்தது. ஆனால் நங்கூரமும் இழுவைவலையும் கிளைகளை முறிக்கின்றன. சூடேறும் கடல் அல்காக்களை வெளியேற்றி முருகையை வெளிறச் செய்கின்றது. 2024 ஏப்பிரலில், உலகளாவிய வெளிறல் நான்காம் முறையாக நிகழ்வதாக அறிவிக்கப்பட்டது. சூட்டினால் வெளிறிய முருகையை எந்தப் பசையும் உயிர்ப்பிக்காது.

இதனைக் கேட்டு எவரும் கடலில் இறங்கி முருகையை ஒடித்து வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவர எண்ணுதல் ஆகாது; இலங்கையில் அது சட்டத்துக்கும் மாறானது. கிளையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வளரக்கூடும். உருண்டையான பாறை முருகையோ பெரும்பாலும் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளரும். ஒரு முழ உயரமான உருண்டை உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும். அதனை ஒரு நங்கூரம் ஒரு கணத்திற் புரட்டிவிடும்.

ஒட்டும் கலையை அறிந்திருப்பது நன்று. முறிந்ததை அது ஓரளவு மீட்கும். ஆயினும் நங்கூரத்தை முருகையில் எறியாது மணலில் இறக்கும் மீனவர் ஒருவர், பசைக்குழாய் ஏந்திய பத்துப் பேரைவிடப் பெரிய காவலர். அவர் காப்பாற்றிய முருகைக்கு ஒட்டுப்போட வேண்டிய தேவையே வாராது.