மூன்று மூடித் தண்ணீர்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் பலர் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு அப்படி. சீட் நனைந்தால் வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். இன்ஜின் 'தண்ணி குடித்துவிட்டால்' செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை இன்ஜின் காரின் முன்பக்கக் குழாய் ஒன்றின் வழியாக ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாய்வரை வெள்ளம் ஏறினால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். வழியில் இருக்கும் ஏர் ஃபில்டர் தூசியைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது.

1200 சிசி, நான்கு சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடம் 300 மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது, உள்ளே வந்த காற்றெல்லாம் சுமார் 33 மில்லி இடத்துக்குள் அடங்கிவிடும். காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. இருமல் மருந்தின் 10 மில்லி மூடியால் மூன்று மூடிக்குச் சற்று அதிகமான தண்ணீர் உள்ளே இருந்தாலே, பிஸ்டன் உச்சியை எட்ட முடியாமல் முட்டி நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு வரும் கனெக்டிங் ராடு வளையும். வேகம் அதிகமாக இருந்தால் முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைக்கும். இதைத்தான் 'ஹைட்ரோலாக்' என்கிறார்கள்.

மெதுவாகப் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டால், சிலசமயம் பெரிய சேதம் இல்லாமல் தப்பிக்கலாம். அந்த நேரத்தில் பதற்றத்தில் மறுபடி செல்ஃப் அடிப்பதுதான் வினை. தண்ணீர் போகாத சிலிண்டர் ஒன்று பற்றிக்கொண்டால் போதும், அதன் பலமே பக்கத்துச் சிலிண்டரின் ராடை வளைத்துவிடும். இப்படி நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

வண்டி மெக்கானிக்கிடம் போனதும் அவர் முதலில் ஏர் ஃபில்டரைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றுவார். உள்ளே நிற்கும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே பீய்ச்சி அடிக்கும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதிலும் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

மழைக்குப் பிறகு இன்ஜின் உதறினாலே ராடு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இக்னிஷன் காயில் நனைந்தாலும் உதறும். காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வண்டியை இறக்காதீர்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் முதல் கியரில், ஒரே சீராக, மெதுவாகப் போகலாம். எதிரே பஸ் வந்தால் காத்திருங்கள். அது எழுப்பும் அலை காற்றுக் குழாயை எட்டிவிடும். கடந்து வந்தபின் பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்தி உலர்த்துங்கள்.

நடுவெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இறங்கித் தள்ளுங்கள், இல்லையென்றால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.