மணலுக்கு முன் கிணறு

யாழ்ப்பாணத்துக் கேத்தல்களின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு பிடித்திருக்கும். குடாநாட்டுக்குக் கீழே கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர், கொதிக்கும்போது தன் சுண்ணாம்பை அங்கே விட்டுவிடுகிறது. புதிய மீன்தொட்டிக்கு எந்த மணல் போடலாம் என்று கேட்பவர் முதலில் பார்க்கவேண்டியது இந்தப் படிவைத்தான்.

சிப்பித்தூள் கலந்த மணல் தண்ணீரின் வன்மையைக் கூட்டும், நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது என்பார்கள். மென்னீர் உள்ள ஊர்களில் அது முழு உண்மை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் கரையக்கூடிய அளவு சுண்ணாம்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. நன்றாகக் கழுவி உப்பகற்றிய கடற்கரை மணலையோ முருகைக்கல்லையோ போட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. கப்பி, மொலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்கள் இந்த வன்னீரில் சுகமாகவே வாழும்.

மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து மென்னீர் மீன் வளர்க்க விரும்பினால் கதை வேறு. இலங்கைக்கே உரிய செரி பார்ப், தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் விழும் ஓடைகளில் வாழ்வது. அதற்கென நிரப்பிய மழைத்தண்ணீரில் சிப்பி மணல் கரைந்து, நோக்கத்தையே கெடுத்துவிடும். காய்ந்த மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காத சிலிக்கா மணல் வடமராட்சி கிழக்கில் அம்பன் பக்கம் உண்டு. ஆனால் அந்த மணல்மேடுகள்தான் மழையை உறிஞ்சி நன்னீராகக் காப்பவை. அங்கே போய் அள்ளாதீர்கள், கடையில் வாங்குங்கள். செம்பாட்டு மண் கலங்கிக்கொண்டே இருக்கும், வேண்டாம். குருணி 2, 3 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. மிக நுண்ணிய மணல் இறுகி, உள்ளே ஒட்சிசன் போகாமல் கூழ்முட்டை நாற்றம் எடுக்கும்.

மணல் வெறும் அலங்காரம் அல்ல. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மணலிலும் வடிகட்டியின் ஸ்பொன்ஜிலும் ஒட்டித்தான் அவை வாழ்கின்றன. இரண்டு வேலையையும் தனியே செய்யும் பற்றீரியா உண்டென்பது 2015இல் தான் உறுதியானது. அது பிடிபட்ட இடங்களில் ஒன்று மீன்வளர்ப்பு வடிகட்டி.

மீன் விடாமல் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டு, இந்தப் பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்கவேண்டும். எங்கள் வெப்பமும் தண்ணீரின் காரத்தன்மையும் அவற்றுக்கு உதவும். அதே காரத்தன்மை மீனுக்கு ஆபத்து. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். அவசரப்பட்டு மீன் விடுவது இங்கே மென்னீர் உள்ள ஊர்களைவிடக் கொடிது. பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு பிடி மணல் கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு குறையும். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குக் குளோரின் போட்ட நாட்களில் அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், பற்றீரியா செத்துவிடும்.

இங்கே பலரை ஏமாற்றக்கூடிய ஒன்று நைத்திரேற்று. வழமையாக அது தென்பட்டால் தொட்டி பழகத் தொடங்கிவிட்டது என்று கொள்வார்கள். வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளிலோ பசளையால் அது முன்பே நிறைந்திருக்கிறது. குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் பல. முதல் நாளே சோதனைக் குப்பி சிவக்கும். ஆகவே கிணற்றுத் தண்ணீரைத் தனியாகச் சோதித்துக் குறித்துவையுங்கள். உணவு போட்டும் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமாகி, நைத்திரேற்று அந்த அளவுக்கு மேலே ஏறியிருந்தால்தான் தொட்டி தயார். நைத்திரேற்று நிறைந்த கிணற்றுத் தண்ணீரால் தொட்டி நீரை மாற்றி நைத்திரேற்றை அந்தக் கிணற்றின் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. அதை உறிஞ்ச வேலம்பாசி என்ற நீர்த்தாவரத்தை வளரவிட்டு, வளர்ந்ததை அவ்வப்போது வெட்டி வெளியே எடுக்கவேண்டும்.