பாட்டரியைப் பழிக்கும் முன்

கடலோரத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்குக் கடற்காற்றே முதற்பகை. தென் அந்தமானின் தென்மேற்குக் கரையிலுள்ள வண்டூரில் வண்டி வைத்திருப்போர் இதனை நன்கறிவர். 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயில் அவ்வூர். பெரிய மருத்துவமனையும் பெரும் பட்டறைகளும், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்பெற்ற போர்ட் பிளேயரில் உள்ளன. இடையே 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவு. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிய வண்டி கிளம்பாவிட்டால் அது வெறும் தொல்லையன்று; ஆபத்து. புதிய பாட்டரியோ பெரும்பாலும் கப்பலேறி வரவேண்டிய பொருள். ஆகவே, 'பாட்டரி போய்விட்டது' என்று தீர்ப்புக் கூறுமுன் சற்று ஆராய்தல் நன்று.

குதிர் வெறுமையாய்க் கிடந்தால் உழவன் நான்கு ஐயங்கொள்வான்: நெல் வரும் வழியில் சிந்திற்றா? குதிரே பழுதா? விளைச்சல் பொய்த்ததா? இரவில் எலி தின்றதா? வண்டியில் பாட்டரியே குதிர், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் விளைக்கும் ஆல்டர்னேட்டரே வயல், கம்பிகளே வழி.

முதலில் வழியைக் காண்போம். உப்பும் ஈரமும் சேருமிடத்தில் பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ பொடி பூக்கும். அது மின்னோட்டத்தைத் தடுக்கும். விளக்குக்குச் சில ஆம்பியர் போதுமாதலால் அது எரியும். நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும் ஸ்டார்ட்டரோ 'டக்' என்று ஒலித்து நின்றுவிடும். எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றிச் சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் முனைகளைத் துடைத்து, உலர்த்தி, எதிர்முனையை இறுதியில் மாட்டி இறுக்கி, வாசலின் தடவுக. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் கம்பியும் துருப்பிடித்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது குதிர். 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈய-அமில முறையே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளது. சில மணி நேரம் ஓய்வாக நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால், 12.6 வோல்ட் நிறைவைக் காட்டும், 12.2 ஏறத்தாழப் பாதி, 11.9 வறுமை. நிறைவாக இருந்தும், ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே சரியுமானால், பாட்டரி மூத்துவிட்டதென ஐயுறலாம். வெப்பமும், மின்சாரம் தீர்ந்த நிலையில் நெடுநாள் கிடத்தலும் அதன் ஆயுளைக் குறைக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

மூன்றாவது வயல். எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் இயல்பு. கணிப்பொறி ஆளும் புதிய வண்டிகள் சிலவற்றில் இது சற்று ஏறி இறங்கலாம். எழாமல் 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், பெல்ட் தளர்ந்திருக்கலாம். அன்றி ஆல்டர்னேட்டர் பழுதுற்றிருக்கலாம். அந்நிலையில் புதுப் பாட்டரி போட்டாலும் அதுவும் விரைவில் தீரும். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டரின் குற்றம். அது பாட்டரியின் நீரை வற்றச் செய்யும். டைனமோ இருந்த காலத்தில், ஓடும் எஞ்சினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்போர் இருந்தனர். ஆல்டர்னேட்டர் வண்டியில் அவ்வாறு செய்தல் மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும்.

இம்மூன்றும் செம்மையாயிருந்தும் காலையில் பாட்டரி இளைத்திருந்தால், எலியைத் தேடுக. அணையாத உள்விளக்கோ, பின்னர்ப் பொருத்திய ரேடியோவோ இரவெல்லாம் மின்சாரத்தை உண்டிருக்கலாம்.

வழி, குதிர், வயல், எலி என்னும் இவ்வரிசையில் மாதம் ஒருமுறை பார்த்துவந்தால், குறை பெரும்பாலும் பகலிலேயே வெளிப்படும்; நள்ளிரவு வரை காத்திராது.