காவலுக்கு வந்த மீன்

"இது ஒண்ணை வாங்கி விடுங்க சார், பத்து நாள்ல தொட்டி சுத்தமாயிடும்" என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த மீனைப் பையில் பிடித்துக் கொடுத்தார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், இடுக்கி போல நீண்ட வாய், முதுகுத் துடுப்பில் கண் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. காப்பர்பேண்ட் என்பார்கள், வண்ணத்துப்பூச்சி மீன்களில் ஒரு வகை. என் கடல்நீர்த் தொட்டியில் அப்போது பாறை இடுக்கெல்லாம் ஐப்டேசியா முளைத்திருந்தது. ஐப்டேசியா என்பது விரல் நுனி அளவுள்ள கடல் சாமந்தி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பக்கத்திலிருக்கும் பவளத்தை அதன் கொடுக்கு இழைகள் பொசுக்கிவிடும்.

வந்த மீன் முதல் வாரம் முழுக்கப் பாறையைச் சுற்றியே மேய்ந்தது. குழாய்ப்புழுக்களின் விசிறிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்றது. ஐப்டேசியா இருந்த திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. உறைந்த இறாலை நறுக்கிப் போட்டால் வாயில் வாங்கித் துப்பியது. ஒன்பதாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால், முதுகோரமாகச் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. பதினான்காம் நாள் மீன் செத்துவிட்டது. ஐப்டேசியா மட்டும் நான்கு கூடியிருந்தது.

தவறு மீனுடையது அல்ல. ஓர் உயிரை மருந்துப் புட்டி போல வாங்கி ஊற்றியது நான். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் செய்யும் தவறு இது. இதனால் மீனும் போகிறது, பணமும் போகிறது. சில சமயம் வீட்டில் இருப்பவர்களின் உடல்நலமும் சட்டமும்கூட இதில் வந்து சேர்கின்றன.

எதை எது தின்னும்?

பவளத் தொட்டிப் பூச்சி என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஐப்டேசியாவுக்குக் காப்பர்பேண்ட், ஃபைல்ஃபிஷ், பெப்பர்மின்ட் இறால் என்று மூன்றைச் சொல்வார்கள். ஃபைல்ஃபிஷ் நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் மீனுக்குச் சொந்தம். பெர்கியா என்ற சின்னக் கடல் நத்தையும் உண்டு. அதற்கு ஓடு கிடையாது, ஐப்டேசியா ஒன்றுதான் உணவு. வேறெதையும் தொடாது என்பதால் பவளத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் ஐப்டேசியா தீர்ந்த அன்றே அதற்குப் பட்டினி தொடங்கும்.

தட்டைப்புழு, பவளம் தின்னும் சிறு நத்தை வகைகளுக்கு ராஸ் மீன்கள். உடம்பில் ஆறு கோடு ஓடும் சிக்ஸ்லைன், மஞ்சள் கோரிஸ், மெலனூரஸ் ஆகியவை கடைகளில் கிடைப்பவை. பகல் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருப்பது இவற்றின் சுபாவம். கண்ணில் படும் புழுவைத் தூக்கிவிடும். அக்ரோபோரா பவளத்தை அரிக்கும் தட்டைப்புழுவை சிக்ஸ்லைன் குறைக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குறைக்கும் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டிய சொல். கிளையின் அடியில், செத்த எலும்புப் பகுதியில் ஒட்டியிருக்கும் முட்டைகளை மீன் தொடுவதில்லை. பழுப்புப் பொன் நிறத்தில் கடுகைவிடச் சிறிதாகக் கொத்துக்கொத்தாக இருக்கும் அவை பொரிந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

சில பூச்சிகளுக்கு நாம் இங்கே வாங்கக்கூடிய மீனே இல்லை. அக்ரோபோராவில் ஊரும் செம்பூச்சி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்னொன்று, தொட்டியில் தெரியும் புழுவெல்லாம் பகையும் அல்ல. மயிர்ப்புழு என்னும் பிரிசில் வார்ம், எஞ்சிய தீனியையும் செத்ததையும் தின்று துப்புரவு செய்யும் பிராணி. பவளம் செத்த இடத்தில் அது இருப்பதைப் பார்த்து, அதுதான் கொன்றது என்று முடிவுகட்டி வேட்டைக்கு மீன் வாங்குகிறோம்.

வேலி மேயும் பயிர்

வேலியே பயிரை மேய்ந்த கதை இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. ஐப்டேசியா தின்ன வந்த ஃபைல்ஃபிஷ், அது தீர்ந்ததும் பூப்போல விரிந்த பவளங்களைக் கடிக்கத் தொடங்கலாம். காப்பர்பேண்ட் குழாய்ப்புழுவையும் சிப்பியின் சதையையும் விடாது. பெர்கியாவும் ராஸும் ஒரே தொட்டியில் இருந்தால் பெர்கியா ராஸுக்குத் தீனி. பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி, முதுகு கூனிய ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டும் சிவப்புக் கோடு போட்டவை. ஒட்டக இறால் பவளத்தையே தின்னும்.

அடுத்தது மீனின் குணம். சிக்ஸ்லைன் பத்து சென்டிமீட்டர்கூட வளராத மீன். ஆனால் தொட்டியைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். பின்னால் வரும் சின்ன மீனை மூலையில் ஒதுக்கித் துரத்தியே கொன்றுவிடும். மஞ்சள் கோரிஸ் இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும். அடியில் நாலைந்து சென்டிமீட்டர் மணல் இல்லாத தொட்டி அதற்கு வீடு அல்ல. ராஸ் மீன்கள் துள்ளும், வலை மூடி இல்லையென்றால் காலையில் தரையில் கருவாடாகக் கிடக்கும். காப்பர்பேண்ட் இருபது சென்டிமீட்டர் வரை வளரும், இரண்டடித் தொட்டியில் அதை வைப்பது கொடுமை.

இவற்றை எல்லாம்விடப் பெரிய ஆபத்து, புதிய மீனோடு வரும் நோய். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் உடம்பை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடுகட்டிக் கிடக்கும். ஒருமுறை தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, இரண்டரை மாதம் தொட்டியை வெறுமையாக விட்டால்தான் அற்றுப்போகும். பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து ஊற்றவும் வழியில்லை. செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். பத்துப் புழுவைப் பிடிக்கப் போய் மொத்தத் தொட்டியையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மீன் வேலை செய்யவில்லை என்றதும் சிலர் பாறையை எடுத்துக் கொதிநீரில் போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பாலிதோவா, ஜோயந்தஸ் எனப்படும் பொத்தான் போன்ற பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. கொதிக்க வைத்தாலோ, சூடான நீர் பீய்ச்சித் தேய்த்தாலோ அது ஆவியோடு காற்றில் கலக்கும். 2018-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டீவன்டன் கிராமத்தில் ஒரு வீட்டில் பவளத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த நச்சு பரவி, தீயணைப்பு வீரர்கள் உட்படப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை, கைகால் மரத்துப்போதல் ஆகியவை அறிகுறிகள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறி தெரிந்தால் வீட்டைக் காலி செய்து வெளிக்காற்றுக்கு வந்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பவளத்தைக் கையாண்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கைகளில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிட வேண்டாம்.

துருப்பிடித்த நிறத்தில் கண்ணாடியெங்கும் ஒட்டும் செந்தட்டைப்புழுவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்தூற்றி ஒரே நேரத்தில் கொன்றால் அவை விடும் நச்சு மீன்களைக் கொன்றுவிடும். முடிந்த மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பனும் மாற்று நீரும் தயாராக வைத்துக்கொண்டுதான் மருந்துக்குப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பூச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பவளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பாறை கட்டும் கடின பவளங்கள் எல்லாம், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. 2022-ன் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிர் சார்ந்த குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மேலே சொன்ன அக்ரோபோராவும் கடின பவளம்தான். வெளிநாட்டில் செம்பூச்சிக்குப் பரிந்துரைக்கும் பைப்ஃபிஷ், கடற்குதிரையின் குடும்பம். அந்தக் குடும்பமும் 2001-ல் இதே அட்டவணைக்குள் வந்தது.

இதில் பலருக்கும் தெரியாதது 57-ம் பிரிவு. அட்டவணை விலங்கு உங்கள் கையில் இருப்பது நிரூபணமானால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். கடைக்காரரின் கைச்சீட்டு அதற்குப் போதாது. 'இம்போர்ட் பீஸ்' என்ற வாய்மொழி எதற்கும் ஆகாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து பெயர்த்த பாறை உங்கள் வரவேற்பறைக்கு வந்திருந்தால், பூச்சித் தொல்லை உங்கள் கவலைகளில் கடைசி.

தொந்தரவு செய்யும் மீனைக் கடலில் கொண்டுபோய் விடுவதும் தீர்வல்ல. அட்லாண்டிக்கில் இன்று பெரும் தொல்லையாகிவிட்ட சிங்கமீன் 1985-ல் ஃபுளோரிடாக் கரையில் முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து போனதுதான் அதன் தொடக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி பவளங்களின் மேல் படர்ந்ததை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

வாங்குபவரின் உரிமை

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பதும், இல்லாத பலனைச் சொல்லி விற்பதும் அப்படியே. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதில் சேரும். பெப்பர்மின்ட் என்று எழுதி ஒட்டக இறாலைக் கொடுத்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை' என்ற பலகை, பொய் சொல்லி விற்ற பொறுப்பைக் கழித்துவிடாது.

அதே சமயம் மீன் உங்கள் தொட்டி நீரால் செத்ததா, கடையிலேயே நோயோடு இருந்ததா என்ற கேள்வி கட்டாயம் வரும். இனப்பெயர் எழுதிய பில், வாங்கிய அன்று எடுத்த படம், உப்பு அளவும் அம்மோனியா அளவும் குறித்த தாள் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். முதலில் கடையில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

வாசலிலேயே நிறுத்துங்கள்

பூச்சி கடலிலிருந்து தானாக நடந்து வருவதில்லை. நாம் வாங்கும் பவளத்தோடும் பாறையோடும்தான் வருகிறது. எனவே எது வந்தாலும் நேரே தொட்டிக்குள் விட வேண்டாம். பவளத் துண்டைத் தனிப் பாத்திரத்தில் டிப் மருந்து கலந்த கடல்நீரில் முக்கி, பம்பால் வீசிக் கழுவுங்கள். வெள்ளைக் கிண்ணமாக இருந்தால் உதிரும் புழு கண்ணுக்குத் தெரியும். முட்டைக்கு டிப் எடுபடாது. அதைப் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், ஒட்டி வந்த அடிக்கட்டையை வீசிவிட வேண்டும். வாரம் ஒருமுறை வீதம் நாலைந்து வாரம் இதையே திரும்பச் செய்து, புழுவே உதிராத பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். புதிய மீனுக்கும் நாலு முதல் ஆறு வாரம் தனித்தொட்டி.

ஐப்டேசியா நாலைந்துதான் என்றால் மீனே தேவையில்லை. கால்க்வாசர் சுண்ணத்தைக் குழம்பாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அதன் வாயில் மெதுவாக வையுங்கள். அந்த நேரம் பம்பை நிறுத்திவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் சிதறும் ஒவ்வொரு துணுக்கும் இன்னொரு ஐப்டேசியாவாகும்.

இத்தனைக்கும் பிறகு மீன்தான் வழி என்றால் கடையில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். "என் கண் முன்னால் தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இறாலைத் துப்பும் மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தின்னும் மீனாக இருந்தால், எலி தீர்ந்த பிறகும் பூனைக்குப் பால் ஊற்ற வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள். அதற்கு மனமும் இடமும் இல்லாதவர்கள் ஒரு சிரிஞ்சு வாங்கினால் போதும்.