மண்ணும் கல்லும் தீயும்: மின்காப்புப் பீங்கான் உருவாகும் முறை

நம் சங்கரன்கோவில் வட்டாரம் தறியோசையால் வாழும் வட்டாரம். விசைத்தறிக்கு வரும் மின்சாரம் கம்பத்தில் பாயாது காத்து நிற்பது, இன்சுலேட்டர் என வழங்கும் பீங்கான் மின்காப்பானே. ஐப்பசி மழையில் அதன் மயிரிழை விரிசலொன்று நீரை உறிஞ்சினும் தறிகள் ஓயும். கம்பத்தைத் தொடுவோர் உயிருக்கும் ஊறு நேரலாம். இவ்விரிசலுக்குச் சூளையே காரணம் என்பர் பலர். மூலப்பொருள்களை நிறுத்துக் கலக்கும்போதே அதற்கு வித்திடப்படுவதும் உண்டு என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மின்காப்புப் பீங்கானின் மூலப்பொருள்கள் மூன்று. அவை களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் என்பன. களிமண் பாதியும் ஏனைய இரண்டும் கால் பங்கு வீதமும் சேர்வது பொதுவான அளவு.

களிமண் வடிவம் தருவது. தூய சீனக்களியின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு, அதன் அணுக்கட்டமைப்பில் பிணைந்த நீராகும். சூளை வெப்பம் 450 முதல் 600 பாகை செல்சியஸை எட்டுங்கால் இந்நீர் வெளியேறும். அப்போது தீயை விரைவுபடுத்தினால் பொருள் வெடிக்கும். குழைவு மிக்க களியைக் கூடுதலாகச் சேர்த்தால் வனைவது எளிது. ஆயின் சுருக்கம் மிகுந்து கோணலும் பிளவும் தோன்றும்.

பெல்ஸ்பார் உருகிப் பிணைப்பது. ஆயிரம் பாகையை ஒட்டி உருகத் தொடங்கிக் கண்ணாடிக் குழம்பாகி நுண்துளைகளை அடைக்கும். அது குறைந்தால் துளைகள் எஞ்சும். மிகுந்தால் பொருள் தன் எடை தாங்காது வளையும். பொட்டாஷ் வகையின் குழம்பு கெட்டியானது. சூளை வெப்பம் சற்று ஏறி இறங்கினும் பொறுக்கும். சோடா வகை விரைவில் இளகுவதால் அப்பொறுமை அதற்கில்லை.

வெங்கச்சங்கல் எலும்புக்கூடு போல் நின்று, பொருள் தளர்ந்து சரியாமல் காக்கும். எனினும் 573 பாகையில் அதன் படிக அமைப்பு மாறுவதால், சூடேறும்போது திடீரென விரியும். ஆறும்போது திடீரெனச் சுருங்கும். பருமணிகள் இருந்தால் அவற்றைச் சுற்றி நுண்விரிசல் ஓடும். ஆதலின் அரைப்பும் ஆறவிடுதலும் நிதானம் வேண்டுவன. மிகுவலிமை தேவைப்படும் மின்காப்பான்களில் இதற்கு மாற்றாக அலுமினா சேர்க்கப்படுகிறது.

மண்ணோடு வரும் இரும்பு ஆக்சைடோ வேண்டாத விருந்தாளி. 1200 பாகைக்கு மேல் அது ஆக்சிஜனை வெளிவிட்டுக் கொப்புளங்களை உண்டாக்கும். இக்குறைகள் நீங்கிய கலவை 1250 முதல் 1350 பாகை வரையிலான வெப்பத்தில் முதிர்ந்து, முல்லைட் என்னும் ஊசிப்படிகங்கள் பின்னிய உறுதியான உடலாகிறது.

பீங்கான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. தொழிலும் நமக்கு அயலன்று. மிர்சா இஸ்மாயில் திவானாக விளங்கிய காலத்தில் (1926–1941) மைசூர் அரசு பெங்களூரில் பீங்கான் ஆலை நிறுவியது. பின்னாளில் அது பெல் நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவாயிற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக அகழும் மேல்மண்ணில் வெண்களியும் கிடைக்கிறது. அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலும், அதற்கென அரசினர் தொழில்நுட்பப் பயிலகமும் அமைந்தன. பத்தாம் வகுப்பு முடித்த இளையோர் அங்குப் பட்டயப் படிப்புப் பயிலலாம் என்பதைப் பெற்றோர் கருத்திற்கொள்ளல் நலம்.

முற்றும் சுடப்பட்ட பின் களியைக் கூட்டவோ இரும்பை நீக்கவோ எவராலும் இயலாது. மாதிரித் துண்டுகளைச் சாயநீரில் அழுத்தி வைத்துச் சோதிக்கும்போது, கலவையில் நேர்ந்த பிழையும் சூளையில் நேர்ந்த அவசரமும் கறையாய் வெளிப்படும். நிறுப்பவரின் கவனமே கம்பத்தில் ஏறுபவரின் காப்பு என்பதைத் தொழில் கற்கும் மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.